பயணக் கேள்வி-பதில்: தாலின் பழைய நகரத்தில் ஒரு ராத்திரியாவது தங்குங்கள்

பால்டிக் கடலோரத்தில் எஸ்தோனியாவின் தலைநகரம் தாலின். அதன் நடுவே மதிலும் கோபுரங்களும் கல் பாவிய சந்துகளுமாக ஒரு பழைய நகரம் அப்படியே நிற்கிறது. பெரும்பகுதி 13 முதல் 16-ஆம் நூற்றாண்டுக்குள் உருவானது. 1997-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஐரோப்பாவில் பார்க்க வேண்டிய ஊர் எது என்ற கேள்விக்குப் போன இதழில் தாலின் என்று நான் சொன்னதிலிருந்து வந்து குவிந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மகள் ஹெல்சிங்கியில் இருக்கிறாள். காலையில் கப்பலில் தாலின் போய்விட்டு சாயங்காலமே திரும்பிவிடலாம் என்கிறாள். ஒரு நாள் போதுமா?
*– வாசகர், ஈரோடு*

போய் வர முடியும். கப்பலில் சுமார் இரண்டு மணி நேரம்தான், இறங்கினால் மதில் வாசலுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் நான் அப்படிப் போகச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் நீங்கள் அங்கே இருக்கப்போகிற அதே நேரத்தில்தான் உல்லாசக் கப்பல்களில் வருகிறவர்களும் இருப்பார்கள். கோடைக்காலத்தில் முற்பகல் பதினொன்றிலிருந்து மாலை நாலு வரைக்கும் நகரமன்றச் சதுக்கத்தில் வழிகாட்டிகள் பிடித்திருக்கும் குடைகளும் கொடிகளும்தான் முதலில் கண்ணில் படும். தெருக்களின் அகலமே கொஞ்சம்தான், அதில் நாற்பது பேர் கொண்ட கூட்டம் ஒன்று நின்றுவிட்டால் சுவரைப் பார்க்க முடியாது, நின்று எதையும் யோசிக்கவும் முடியாது.

ஆறு மணிக்கு மேல் பாருங்கள், ஊரே வேறு. கப்பல்காரர்கள் போய்விடுவார்கள், கடைக்காரர்கள் பலகையை உள்ளே எடுத்து வைப்பார்கள், அப்போதுதான் அந்த மதிலுக்குள் இன்னமும் சில ஆயிரம் பேர் குடியிருக்கிறார்கள் என்பதே தெரியவரும். ஜூனில் சூரியன் மறைய ராத்திரி பத்தரை மணி ஆகும் என்பதால் சாப்பிட்ட பிறகும் நல்ல வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் நடக்கலாம். பழைய நகரத்தின் மேல் பகுதியான தூம்பேயா மேட்டின் விளிம்பில் பட்குலி என்று ஒரு பார்வைமாடம் இருக்கிறது, அங்கிருந்து மதிலின் கோபுரங்கள் வரிசையாகச் சிவப்புக் கூம்புத் தொப்பியோடு தெரியும், பின்னால் கடல். பகலில் அங்கே படம் எடுக்க வரிசையில் நிற்க வேண்டும், ராத்திரி ஒன்பதரைக்கு ஆற அமர நின்று பார்க்கலாம்.

அப்புறம் காலை. எட்டு மணிக்கு முன்னால் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து சாப்பிடுங்கள். ஒரு ராத்திரி அறை வாடகை கூடுதல் செலவுதான், ஆனாலும் பிள்ளை இருக்கும் ஊரிலிருந்து இத்தனை பக்கத்தில் ஒரு நகரம் இருக்கும்போது அதன் நெரிசலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. மகளையும் கூட்டிக்கொண்டு தங்கிவிட்டு வாருங்கள்.

இணையத்தில் படங்களைப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லா வீடும் ஒரே மாதிரி. அங்கே போய் எதைப் பார்ப்பது?
*– வாசகி, மதுரை*

வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அந்த ஊர் ஒரு வியாபார ஊர். ஹன்சா என்று வட ஐரோப்பிய வணிக நகரங்களின் கூட்டமைப்பு ஒன்று இருந்தது, ஜெர்மனியின் லூபெக் நகரம் அதற்குத் தலைமை. அந்த நாளில் ரேவல் என்று அழைக்கப்பட்ட தாலினுக்கு 1248-இல் லூபெக்கின் நகரச் சட்டம் கிடைத்தது. மேற்கிலிருந்து உப்பும் துணியும் கப்பலில் வரும், கிழக்கே ரஷ்யாவின் நோவ்கோரோட் பக்கமிருந்து மெழுகும் மென்மயிர்த் தோலும் வரும், இரண்டும் கைமாறும் இடம் இது. இதில் உப்புதான் பெரிய சரக்கு, தாலின் உப்பின் மேல் கட்டப்பட்ட ஊர் என்று அங்கே இன்றைக்கும் சொல்வார்கள். குளிர்காலம் முழுக்க மீனையும் இறைச்சியையும் கெடாமல் வைத்துக்கொள்ள உப்பைவிட்டால் வேறு வழி இல்லை, வடக்கே வெயிலில் உப்பு விளைவிக்கவும் முடியாது. விலை எங்கே போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு பிக் தெருவிலோ லை தெருவிலோ ஒரு பழைய வீட்டின் முன்னால் நில்லுங்கள். தெருப் பக்கம் குறுகலாகவும் உள்ளே நீளமாகவும் இருக்கும், நம் அக்ரகாரத்து வீடுகளைப் போல. முகப்பு மேலே முக்கோணமாகக் கூம்பி முடியும். இப்போது கண்ணை உயர்த்தி அந்த முக்கோணத்தின் உச்சியைப் பாருங்கள், பல வீடுகளில் ஒரு தடித்த உத்திரம் தெருவை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். கப்பி மாட்டி மூட்டையைத் தூக்குவதற்காக வைத்தது. அதற்கு நேர் கீழே ஒன்றின்கீழ் ஒன்றாக, ஜன்னல் மாதிரித் தெரிகிற ஆனால் ஜன்னலைவிடப் பெரிய திறப்புகள் இருக்கும், மரக்கதவு போட்டு. அவைதான் சரக்கு உள்ளே போகிற வழி. மேல் மாடிகள் முழுக்கக் கிடங்கு. மனிதர்கள் கீழே.

கீழே எப்படி இருந்தார்கள் என்பதும் சுவாரசியமான விஷயம். தெருக்கதவைத் திறந்தால் முதலில் உயரமான பெரிய கூடம், பேரம் பேசுவதும் நிறுத்துப் பார்ப்பதும் அங்கே. கூடத்தின் பின்பக்கத்திலேயே அடுப்பு, அதன்மேல் பெரிய புகைபோக்கி. அதற்கும் பின்னால் ஒரே ஒரு சூடான அறை, குடும்பம் முழுவதும் குளிர்காலத்தைக் கழித்தது அதில்தான். நிலவறையில் பெரிய உலை ஒன்றில் கற்களை அடுக்கிப் பழுக்கக் காய்ச்சுவார்கள், நெருப்பு அடங்கியதும் அறைத் தரையில் இருக்கும் துளைகளின் மூடியை எடுப்பார்கள், வெப்பக் காற்று மேலே ஏறும். சரக்குக்கு மூன்று மாடி, மனிதர்களுக்கு ஒரு சூடான அறை! அந்த ஊரின் கணக்கு அதுதான்.

பிக் தெருவின் வடக்குக் கோடியில் ‘மூன்று சகோதரிகள்’ என்று ஒட்டி ஒட்டி நிற்கும் மூன்று வணிகர் வீடுகளில் உத்திரமும் சரக்குக் கதவும் நன்றாகத் தெரியும். இப்போது அது விடுதி, வெளியே நின்று பார்த்தாலே போதும். உள்ளே எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமென்றால் வேனே தெரு 17-இல் உள்ள நகர அருங்காட்சியகத்துக்குப் போங்கள், அந்தக் கட்டடமே 14-ஆம் நூற்றாண்டு வணிகர் வீடு. அதை முதல் நாளே பார்த்துவிட்டால் அதற்கப்புறம் ஒரு வீடும் இன்னொரு வீடு மாதிரி உங்களுக்குத் தெரியாது.

ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போரில் எத்தனையோ ஊர்கள் தரைமட்டமாயின. இது மட்டும் எப்படித் தப்பியது? உண்மையிலேயே பழையதா, பழைய மாதிரி கட்டியதா?
*– வாசகர், சென்னை*

பெரும்பாலும் உண்மையான பழையது. முழுவதுமாகத் தப்பவில்லை. 1944 மார்ச் 9 இரவு சோவியத் விமானங்கள் குண்டு வீசின. ஹர்யு தெருவில் வீட்டு வரிசையே போயிற்று, நிகுலிஸ்தே தேவாலயம் எரிந்தது, நகரமன்றத்தின் கோபுரக் கூம்பும் எரிந்து விழுந்தது. ஹர்யு தெருவில் இடிந்த வீடுகளின் அடித்தளங்களை ரொம்ப நாள் அப்படியே திறந்து வைத்திருந்தார்கள், இப்போது அங்கே புல்வெளி, குளிர்காலத்தில் பக்கத்திலேயே பனிச்சறுக்குத் தளம். ஒரு பக்கம் மட்டும் வீடில்லாமல் தெரு திடீரென்று அகலமாகிற இடத்தில் நடக்கும்போது காரணம் தெரிந்திருக்கட்டும்.

ஆனால் தாலின் இவ்வளவு மிஞ்சியதற்கு முக்கியமான காரணம் போரைவிடப் பழையது, ஊர் நொடித்துப் போனதுதான் அது. 1494-இல் மாஸ்கோவின் மூன்றாம் இவான் நோவ்கோரோடில் இருந்த ஹன்சா வணிகக்கூடத்தை மூடினார். அப்புறம் அந்தப் பகுதிக்காக ரஷ்யாவும் சுவீடனும் போலந்தும் மோதிக்கொண்ட லிவோனியப் போர். 1561-இல் ஊர் சுவீடன் கைக்குப் போனது. 1710-இல் கொள்ளைநோய் ஊரைச் சூறையாடிய கையோடு ரஷ்யப் படையிடம் சரணடைந்தது. பணம் கொழித்த ஊர்களில் ஒவ்வொரு தலைமுறையும் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புது பாணியில் கட்டியது, இங்கே இடித்துக் கட்ட ஆளிடம் காசு இல்லை. இருந்த வீடோ சுண்ணாம்புக் கல் வீடு, இற்றுப்போகாது, எளிதில் எரிந்தும் போகாது. அதனால் அதிலேயே இருந்தார்கள்.

1857-இல் தாலின் இராணுவக் கோட்டைகளின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட பிறகு மதிலில் சில வாசல்களை இடித்தார்கள், சுற்றியிருந்த அகழியும் அரணும் பூங்காவாக மாறின. அப்படியும் இன்றைக்குச் சுமார் 1.9 கிலோமீட்டர் மதிலும் 20-க்கு மேற்பட்ட கோபுரங்களும் நிற்கின்றன. 1966-இல் பழைய நகரம் முழுவதையும் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள், சோவியத் யூனியனிலேயே அந்த மாதிரி அறிவிப்பு அதுதான் முதல் முறை. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கின் பாய்மரப் படகுப் போட்டி தாலினில் நடந்ததால் மராமத்து வேலைகளுக்குப் பணமும் வந்தது. வறுமை காப்பாற்றிக் கொடுத்ததை அப்புறம் வந்தவர்கள் அறிந்தே காப்பாற்றினார்கள். இந்த இரண்டாவது பகுதிதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது, ஏனென்றால் எங்கேயும் பழைய தெருக்கள் அழிவது காசில்லாத காலத்தில் இல்லை, காசு வந்த காலத்தில்தான்.

எங்கள் ஊர்ப் பக்கம் தரங்கம்பாடியில் டேனியர் கோட்டை இருக்கிறது. தாலினையும் டேனியர்கள்தான் ஆண்டார்கள் என்று படித்தேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
*– வாசகர், பொறையார்*

ராஜ்யம் ஒன்றுதான், காலம் ரொம்ப வேறு. டேனிய மன்னர் இரண்டாம் வால்டெமார் தாலினைப் பிடித்தது 1219-இல். அந்தச் சண்டையின் நடுவில்தான் டென்மார்க்கின் சிவப்பு வெள்ளைக் கொடி வானத்திலிருந்து விழுந்தது என்று டேனியர்கள் கதை சொல்வார்கள், அதை நினைவுபடுத்த மதிலையொட்டி ‘டேனிய மன்னர் தோட்டம்’ என்று ஒரு சின்ன இடமும் இருக்கிறது. தரங்கம்பாடியில் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டான்ஸ்போர்க் கோட்டை கட்டத் தொடங்கியது 1620-இல், அதாவது நானூறு வருஷம் கழித்து. அப்போது தாலின் டேனியர் கையிலேயே இல்லை. 1346-இல் எஸ்தோனியாவில் இருந்த தங்கள் நிலத்தை டியூட்டானிக் மாவீரர் சபை என்ற ஜெர்மானியச் சிலுவைப்போர் அமைப்புக்கு விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். தரங்கம்பாடியையும் 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றதை நீங்கள் அறிவீர்கள்.

இன்னொரு இணைப்பு எனக்குத் தோன்றுகிறது. தாலினின் பரிசுத்த ஆவி தேவாலயத்தில் போதகராக இருந்த யோஹான் கோயல் எஸ்தோனிய மொழியில் பெயர்த்த வேதபாடப் புத்தகம் 1535-இல் அச்சானது, எஸ்தோனிய மொழியில் இன்று கிடைக்கும் மிகப் பழைய அச்சுப் புத்தகம் அதுதான், அதுவும் சில பக்கங்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. பெரிய சபைகளில் எல்லாம் ஜெர்மன் மொழி நடந்துகொண்டிருந்தபோது உள்ளூர்க்காரர்களுக்கு அவர்கள் மொழியில் பிரசங்கம் நடந்த தேவாலயம் அது. லுத்தர் வழி வந்தவர்களுக்கு மக்கள் மொழியில் அச்சிடுவது அவ்வளவு முக்கியம். அதே வழியில் வந்த ஜெர்மானியப் போதகர் சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கித் தமிழ் படித்துத் தமிழில் அச்சடித்த கதையை உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாலினுக்குப் போனால் அந்தத் தேவாலயத்துக்குக் கட்டாயம் போங்கள். வெளிச்சுவரில் 17-ஆம் நூற்றாண்டு மரச்செதுக்குக் கடிகாரம் ஒன்று நீலமும் பொன்னுமாக இருக்கும், உள்ளே லூபெக் ஓவியர் பெர்ன்ட் நோட்கேயின் 1483-ஆம் ஆண்டுப் பலிபீடம்.

தேவாலயங்கள் நிறைய இருக்கின்றனவே, எல்லாவற்றையும் பார்க்க நேரம் இருக்காது. ஒன்றே ஒன்று என்றால் எது?
*– வாசகி, கோவை*

நிகுலிஸ்தே. இப்போது அது வழிபாட்டுத் தலம் இல்லை, அருங்காட்சியகம். அதனால் நுழைவுக் கட்டணம் உண்டு, பொதுவாகத் திங்கட்கிழமை மூடியிருக்கும்.

அங்கே போவது ஓர் ஓவியத்துக்காக. நோட்கே 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வரைந்த ‘சாவின் நடனம்’. ஒரு காலத்தில் முப்பது மீட்டர் அளவுக்கு நீண்டிருந்த துணி ஓவியம், மிஞ்சியிருப்பது ஏழரை மீட்டர். இடது கோடியில் போதகர் ஒருவர் மேடையில் நிற்கிறார், அடுத்து எலும்புக்கூடு ஒன்று சவப்பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு நடக்கிறது, அப்புறம் போப்பாண்டவர், எலும்புக்கூடு, பேரரசர், எலும்புக்கூடு, பேரரசி, எலும்புக்கூடு, கார்டினல், அரசர் என்று கைகோத்து வரிசை போகிறது. எலும்புக்கூடுகள்தான் ஆடுகின்றன, மனிதர்கள் கால் எழும்பாமல் நிற்கிறார்கள். பேரரசியின் உடையில் உள்ள பூவேலையைக் கிட்டப் போய்ப் பாருங்கள், அவ்வளவு ஆசையாக வரைந்திருக்கிறார். படத்தின் அடியில் பழைய ஜெர்மன் மொழியில் செய்யுள், சாவும் மனிதரும் மாறி மாறிப் பேசுவதாக. கொள்ளைநோய் ஊர் ஊராகப் போன காலத்தில் வாரா வாரம் இதன் முன்னால் வந்து நின்ற வணிகர்களை நினைத்துக்கொண்டு பார்த்தால் வெகு நேரம் நகர மனசு வராது.

அது தப்பிய கதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1524-இல் லுத்தர் வழிச் சமயச் சீர்திருத்தக் கலவரம் வெடித்தபோது கூட்டம் தேவாலயம் தேவாலயமாகப் புகுந்து சிலைகளையும் படங்களையும் நொறுக்கியது. நிகுலிஸ்தேயின் பொறுப்பாளர் பூட்டுத் துளைகளில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிவிட்டார் என்கிறார்கள், கூட்டத்தால் கதவைத் திறக்க முடியவில்லை. பிறகு 1944 குண்டுவீச்சின்போது முக்கியமான பொருள்களை முன்கூட்டியே வேறு இடத்துக்குக் கொண்டுபோயிருந்ததால் அவை பிழைத்தன, கட்டடம் மட்டும் எரிந்தது.

இரண்டாவதாக ஒன்று பார்க்க நேரம் இருந்தால் ஒலெவிஸ்தே. சுமார் 124 மீட்டர் உயரம், மின்னல் தாக்கிப் பலமுறை எரிந்து மறுபடி மறுபடி கட்டப்பட்டது. சோவியத் காலத்தில் கேஜிபி என்ற உளவு அமைப்பு அதன் கோபுரத்தை வானொலி அலைகளுக்காகப் பயன்படுத்தியது. கோடையில் மேலே ஏற விடுவார்கள், படிகள் குறுகல், கல் வழுவழுப்பு.

அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி. கல் பாவிய தெருக்கள் என்கிறீர்களே, கூட்டிக்கொண்டு போகலாமா?
*– வாசகி, திருநெல்வேலி*

தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பழைய நகரம் உண்மையில் இரண்டு ஊர். கீழே வணிகர்களின் ஊர், அது கிட்டத்தட்டச் சமதளம். மேலே தூம்பேயா மேடு, அங்கே கோட்டையும் பேராயரும் பிரபுக்களும். இரண்டுக்கும் சட்டம் வேறு, நிர்வாகம் வேறு, நடுவில் மதில், ராத்திரியானால் வாயிற்கதவைப் பூட்டிவிடுவார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரைக்கும் இரண்டும் சட்டப்படி தனித்தனிதான். 1535-இல் ஒரு பெரிய நிலப்பிரபு, யோஹான் ஃபான் உக்ஸ்குல் என்று பெயர், தன் பண்ணையாள் ஒருவனைக் கொன்றுவிட்டுக் கீழ் ஊருக்குள் வந்தபோது நகரத்தார் அவரைப் பிடித்து விசாரித்துத் தலையையே வெட்டிவிட்டார்கள். ஒரு பண்ணையாளுக்காகப் பிரபுவுக்கு மரண தண்டனை என்பது அந்தக் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். பிரபுக்களின் கோபம் தணியட்டும் என்று தண்டனை நிறைவேறிய ஹர்யு வாசலை அப்புறம் கல் வைத்தே மூட வேண்டி வந்தது.

சரி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன். மேட்டுக்கு நடந்து ஏறும் முக்கியமான வழிகள் இரண்டு. பிக் யால்க் என்பது நீண்ட சரிவு, லூஹிகே யால்க் என்பது குறுகிய வழி, படிக்கட்டும் உண்டு. இரண்டுமே அம்மாவுக்கு வேண்டாம். டாக்சியில் தூம்பேயா கோட்டைச் சதுக்கம் வரைக்கும் போய்விடுங்கள், போல்ட் செயலி தாலினிலேயே பிறந்தது, வண்டி சட்டென்று கிடைக்கும். மேலே பேராலயமும் பார்வைமாடங்களும் கிட்டக் கிட்ட இருக்கின்றன. வெங்காயக் குவிமாடங்களோடு அங்கே நிற்கும் அலெக்சாண்டர் நெவ்ஸ்கி தேவாலயம் எல்லாப் படங்களிலும் வரும், ஆனால் அது 1900-இல் முடிந்தது, பழைய நகரத்தின் காலத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. திரும்ப வண்டியிலேயே கீழே வந்துவிடுங்கள்.

கீழ் ஊரில் சதுக்கத்தைச் சுற்றி உட்கார இடம் நிறைய உண்டு. கல் உருண்டையாகவும் ஒழுங்கில்லாமலும் இருக்கும், மழை பெய்தால் வழுக்கும். செருப்பு வேண்டாம், தடித்த ரப்பர் அடி உள்ள ஷூ வாங்கிப் போட்டு ஊரிலேயே ஒரு வாரம் பழக்கிக் கூட்டிப்போங்கள். சக்கரம் வைத்த பெட்டியை அந்தக் கல்லில் இழுத்துக்கொண்டு போவதும் பெரும்பாடு, விடுதிக்கு எவ்வளவு பக்கம் வண்டி வரும் என்று அறை பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

பத்து வயதுப் பையன். பழைய கட்டடம் என்றாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். அவனுக்கு ஏதாவது உண்டா?
*– வாசகர், பெங்களூரு*

அவனை வைத்துக்கொண்டுதான் இந்த ஊரைப் பார்க்க வேண்டும். முதலில் கீக் இன் டே கோக் என்ற பீரங்கிக் கோபுரம். 38 மீட்டர் உயரம், சுவர்த் தடிமன் சில இடங்களில் 4 மீட்டர். 1577-இல் ‘பயங்கர இவான்’ என்ற ரஷ்ய மன்னரின் படை முற்றுகையிட்டபோது விழுந்த பீரங்கிக் குண்டுகள் வெளிச்சுவரில் பதிந்திருப்பதைக் காட்டி, எத்தனை என்று அவனையே எண்ணச் சொல்லுங்கள். அதற்கு அடியில் அரணுக்குள் போகும் சுரங்கப் பாதைகள் இருக்கின்றன, உள்ளே எப்போதும் குளிர், கம்பளிச் சட்டை அவசியம்.

அடுத்து, மதிலின் மேலேயே நடப்பது. நுன்னா, சவுனா, குல்டியால்க் என்று மூன்று கோபுரங்களை இணைக்கும் மர நடைபாதை ஒரு பக்கம், ஹெல்லமான் கோபுரத்தை ஒட்டி இன்னொரு பக்கம். படி செங்குத்து, பையன்களுக்கு அதுவே பிடிக்கும். கடல் பக்கத்து வாசலில் ‘தடித்த மார்கரெட்’ என்ற உருண்டைக் கோபுரம், இப்போது கடல்சார் அருங்காட்சியகம். 2015-இல் தாலினில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது கிடைத்த ஹன்சா காலத்து மரக்கப்பல் அங்கே இருக்கிறது. உப்பு மூட்டைகள் எதில் வந்தன என்று அவன் கண்ணாலேயே பார்ப்பான்.

கடைசியாக சதுக்கத்து மூலையில் மருந்துக்கடை. 1422-ஆம் ஆண்டுப் பதிவிலேயே அதன் பெயர் வருகிறது, இன்னமும் மருந்துக்கடையாகவே நடக்கிறது, தலைவலி மாத்திரையும் வாங்கலாம். புர்ச்சார்ட் என்ற ஒரே குடும்பம் பத்துத் தலைமுறை, முந்நூறு வருஷத்துக்கு மேல் அதை நடத்தியது. பக்கத்து அறையில் பழைய காலத்து மருந்துச் சரக்குகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், அதில் இருக்கும் பூச்சியையும் பாம்பையும் பார்த்துவிட்டு வெளியே வந்தால் வழியெல்லாம் பையன் பேசிக்கொண்டே வருவான்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பிழைக்க முடியுமா?
*– வாசகி, கும்பகோணம்*

முடியும். இந்திய உணவகங்களே பழைய நகரத்துக்குள் உண்டு. உள்ளூர்ச் சாப்பாட்டில் ரை என்ற தானியத்தில் சுட்ட கறுப்பு ரொட்டி, காளான், உருளைக்கிழங்கு, பீட்ரூட், பால் பொருள்கள் எல்லாம் தாராளம். அந்தக் கறுப்பு ரொட்டியைச் சூடாக வெண்ணெயோடு சாப்பிட்டுப் பாருங்கள், லேசான புளிப்பு நமக்குப் பிடித்துப்போகும். சூப் கேட்டால் மட்டும் எதை வேகவைத்த தண்ணீர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சதுக்கத்தின் ஓரத்து மேசைகளில் உட்கார்ந்தால் விலை அதிகம். மதிலுக்கு வெளியே ரயில் நிலையத்தை ஒட்டியிருக்கும் சந்தைக்குப் போங்கள், ஐந்து நிமிட நடை, உள்ளூர்க்காரர்களும் அங்கேதான் சாப்பிடுகிறார்கள், பழம் தயிர் எல்லாம் வாங்கி அறையில் வைத்துக்கொள்ளவும் வசதி.

டிசம்பர் விடுமுறையில்தான் போக முடியும். குளிரில் போவது வீணா?
*– வாசகர், சேலம்*

வீண் இல்லை, ஆனால் அது வேறு பயணம். வெளிச்சம் ஒன்பது மணிக்கு மேல் வந்து மூன்றரைக்கு முன்னாலேயே போய்விடும். பகலில் கிடைக்கும் அந்த ஆறு மணி நேரத்தை வெளியே நடப்பதற்கு வைத்துக்கொண்டு, அருங்காட்சியகங்களை இருட்டின பிறகு பார்க்க முடியுமா என்று திட்டமிடுங்கள். பெரும்பாலானவை மாலையில் சீக்கிரம் மூடிவிடும், அதனால் நேரத்தை முதலிலேயே விசாரித்துவிடுங்கள். நகரமன்றக் கோபுரமும் ஒலெவிஸ்தே கோபுரமும் குளிர்காலத்தில் ஏற முடியாது.

அதற்கு ஈடாகச் சதுக்கத்தில் கிறிஸ்துமஸ் சந்தை இருக்கும். 1404-இல் கட்டி முடித்த நகரமன்றத்தின் முன்னால் பெரிய மரம் ஒன்றை நட்டு விளக்குப் போடுவார்கள். 1441-லேயே கருந்தலையர் சங்கம் என்ற மணமாகாத வணிகர்களின் சங்கம் இங்கே மரம் வைத்தது என்று தாலின்காரர்கள் சொல்கிறார்கள், லாத்வியாவின் ரீகா நகரத்தார் எங்களதுதான் முதல் என்கிறார்கள், இரண்டு ஊருக்கும் இதில் தீராத வழக்கு. கூட்டம் கோடையைவிடக் குறைவு, கூரையெல்லாம் பனி விழுந்திருந்தால் மதில் வரிசை இன்னும் எடுப்பாகத் தெரியும்.

துணிமணி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கடற்காற்று சந்துகளுக்குள் புகுந்து வீசும், ஒரே ஒரு தடித்த கோட்டைவிட உள்ளே இரண்டு மூன்று அடுக்கு நல்லது. காதை மூடும் தொப்பி, கையுறை, தண்ணீர் புகாத ஷூ மூன்றும் இங்கேயே வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். விமான நிலையம் நகரத்திலிருந்து நாலு கிலோமீட்டர்தான். ஷெங்கன் விசா வேண்டும், நாணயம் யூரோ. டிசம்பர் பயணத்துக்கு விசா நேர்காணல் தேதி கிடைப்பது இழுக்கும், செப்டம்பரிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.